ஆஃபர் கையில் இருக்கிறது, உடம்பு படுத்துகிறது: போகலாமா, இருக்கலாமா?

ராப்பிசாசு:
வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36. சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனி, புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை. அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர் எங்காவது நின்றால் சரி செய்வது. கிளையன்ட் அமெரிக்க வங்கி என்பதால் சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரை ஆகும். அது போக மாதத்தில் ஒரு வாரம் ஆன்கால், எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க போன் தலையணைக்கு அடியில்தான் கிடக்கும், பி1 டிக்கெட் (மிக அவசரப் புகார்) விழுந்தால் 15 நிமிடத்தில் கான்ஃபரன்ஸ் காலில் இருந்தாக வேண்டும். போன மாதம் மகளுடைய பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடை ஏறுகிற நேரம் பார்த்து போன் அடித்தது. சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்கூட்டி சீட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில், எவனோ ஒரு அமெரிக்கனின் பேட்ச் ஜாப்பை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன். உள்ளே பாட்டு முடிந்து கை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பகலில் தூக்கம் வருவதில்லை, வந்தாலும் குக்கர் விசிலுக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. வீட்டில் யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுகிறேன் என்று மனைவி சொல்கிறாள், பொய் இல்லை.

இப்போது பெருங்குடியில் ஒரு புராடக்ட் கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. 35 சதவீதம் ஹைக் (சம்பள உயர்வு). "பெரும்பாலும்" பகல் வேலை என்கிறார்கள். ஆனால் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு நோட்டீஸ் 90 நாள். நோட்டீஸைக் குறைக்கக் கட்ட வேண்டிய பைஅவுட் பணத்தை அவர்களே கொடுத்துவிடுவார்களாம்.

குழப்பம் எங்கே என்றால், அப்பாவுக்கு 67 வயது, சுகர், ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது. கேளம்பாக்கம் ஃபிளாட்டுக்கு மாதம் 38,000 ஈஎம்ஐ. 2021 ஜூனில் இங்கே சேர்ந்தேன், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) வேண்டிய ஐந்து வருடம் இன்னும் ஆகவில்லை. மார்க்கெட்டும் சரியில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

குட்டிச்சுவர்:
35 பர்சன்ட் ஹைக், பகல் வேலை, ஆபீஸ் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது தலைவா? ராஜினாமா பேப்பரைப் போடு.

மாதச்சம்பளம்:
மேலே சொன்னவருக்கு ஈஎம்ஐ இல்லை போலிருக்கிறது.

நண்பரே, இப்போது மாறாதீர்கள் என்பதுதான் என் கருத்து. புது இடத்தில் போய் ஒரு வருடம் வரைக்கும் நீங்கள் வெளி ஆள். ஆள் குறைக்கிறோம் என்று ஆரம்பித்தால் அதிகச் சம்பளத்துக்குப் புதிதாக வந்தவன் பெயர்தான் எக்செல் ஷீட்டில் முதலில் வரும். சப்போர்ட் வேலையை ஏஐ தின்றுகொண்டிருக்கிற நேரம் இது. தெரிந்த மேனேஜர், தெரிந்த அப்ளிகேஷன், கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். தூக்கத்துக்கு வேறு வழி பாருங்கள்.

சோழிங்கநல்லூர் சிக்னல்:
@மாதச்சம்பளம், பழைய இடத்திலேயே இருந்தால் பத்திரம் என்பதை எப்படி நம்புகிறீர்கள் என்று தெரியவில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை அனுப்பப் போவதாக அறிவித்தபோது நடுநிலை, மூத்த நிலை ஆட்கள்தான் அதில் அதிகம் என்று அவர்களே சொன்னார்கள். நேற்று சேர்ந்தவர்கள் இல்லை. வருடக்கணக்காக ஒரே அப்ளிகேஷனைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு, அந்த கிளையன்ட் போய்விட்டால், பெஞ்சில் உட்கார்ந்து வேறு புராஜெக்ட் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று என் பக்கத்து கியூபிக்கிளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குட்டிச்சுவர் சொல்கிற மாதிரி குதிப்பதும் சரியில்லை. அந்த "பெரும்பாலும்" என்ற ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. மீதி நேரம் என்ன?

பழைய எச்ஆர்:
தம்பி, நான் எச்ஆரில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள், இப்போது வெளியே வந்துவிட்டேன், அதனால் கம்பெனிப் பேச்சு பேச வேண்டிய அவசியம் இல்லை. போவதா இருப்பதா என்று நான் சொல்ல மாட்டேன். போனால் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அப்பா விஷயம், மற்றது எல்லாம் இதற்கு அப்புறம்தான். கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு கிடைப்பது வழக்கம். நீங்கள் கடைசி நாள் கையெழுத்துப் போட்டதும் அது போய்விடும். தனியாக ஒரு பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்கு வருடம் வரை வைத்திருந்தார்கள், 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதை அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைத்தது. மூன்று வருடம் என்பது ஸ்டென்ட் வைத்த 67 வயதுக்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆகவே புது கம்பெனி எச்ஆரிடம் நாக்கு கூசாமல் கேட்க வேண்டியவை: பெற்றோருக்கு இன்சூரன்ஸ் உண்டா, சேரும் தேதியிலிருந்தே உண்டா, பிரீமியம் யார் தலையில், அறை வாடகைக்கு உச்சவரம்பு எவ்வளவு, இருதய சிகிச்சைக்கு தனி வரம்பு வைத்திருக்கிறார்களா. பல இடங்களில் சேர்ந்த சில நாட்களுக்குள் போர்ட்டலில் பெற்றோர் பெயரைச் சேர்க்காவிட்டால் அடுத்த வருடப் புதுப்பிப்பு வரை கதவு சாத்தியிருக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது, இதுவரை காத்திருந்த காலத்தையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் வயதையும் நோயையும் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார்கள், பிரீமியமும் கையைக் கடிக்கும், வேலையை விடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விட்ட பிறகு போய் நின்றால் கிடைப்பது சந்தேகம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்து கிராஜுவிட்டி. ஐந்து வருடம் ஆகவில்லை என்று நீங்கள் விட்டுவிட நினைப்பது தெரிகிறது. கடைசியாக வாங்கிய பேசிக் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். பேசிக் 60,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,73,000 ரூபாய். நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருடமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகத்துக்குச் சட்டம் 190 நாள் என்கிறது. எல்லா கம்பெனியும் இதற்குத் தலையாட்டாது, "எங்கள் பாலிசியில் முழு ஐந்து வருடம்" என்று ஒரு வரி அனுப்புவார்கள். ஆகவே பேப்பர் போடும் முன்பே பாலிசி என்ன என்று பொதுவாக மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஜூனில் சேர்ந்தவர், இப்போது 2026 ஜனவரி. 30 நாளில் ஓடினால் விளிம்பில் நிற்பீர்கள், நோட்டீஸை முழுசாக ஓட்டினால் உங்கள் பக்கம் பலம் கூடும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியர்களுக்குத்தான் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி, உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடக் கணக்கு அப்படியேதான். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதே தொகுப்புகளில், ராஜினாமா செய்தவருக்கும் வரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. செட்டில்மென்ட் 45 நாள் ஆகும் என்று எச்ஆர் சொன்னால் இதை மரியாதையாக நினைவூட்டலாம்.

பிஎஃபை எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய சர்வீஸும் சேரும். மொத்தம் ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி, பத்து வருடம் சேர்ந்தால் பென்ஷன் தகுதி.

பைஅவுட் பணத்தைப் புது கம்பெனி "கொடுக்கும்" என்றால் எப்படி என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் கட்டிவிட்டு ரசீது காட்ட வேண்டும், ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பிக் கேட்பார்கள். ஆஃபர் லெட்டரில் இல்லாத எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டிச்சுவர்:
அக்கா, இதைப் படிக்கவே ஒரு நாள் லீவு போட வேண்டும் போல. ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ராப்பிசாசு:
ரொம்ப நன்றி அக்கா. ஆஃபர் லெட்டரை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். அந்த 35 சதவீதத்தில் ஒரு பகுதி வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறைவது), இன்னொரு பகுதி ஜாயினிங் போனஸ், அதையும் ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டுமாம். போதாக்குறைக்கு அவர்கள் கட்டுகிற பிஎஃபையும் கிராஜுவிட்டியையும் சிடிசியில் (ஆண்டு மொத்தச் சம்பளக் கணக்கில்) சேர்த்திருக்கிறார்கள். மாதம் கையில் வருவதைப் பார்த்தால் ஹைக் 20 சதவீதம் கூடத் தேறாது. பெற்றோர் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி இல்லை.

இருந்தாலும் மனசு போகத்தான் சொல்கிறது. காசுக்காக இல்லை. ஒரு நாளாவது ராத்திரி பத்து மணிக்குப் படுத்து காலையில் எழுந்திருக்க வேண்டும்.

வேப்பங்காற்று:
சார், நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். ஐடி பற்றி ஒன்றும் தெரியாது, நைட் டியூட்டி பற்றித் தெரியும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று, தூக்கம் கெட்ட உடம்பு. இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் வரக் காரணமாகலாம் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே வைத்துவிட்டது, 2019இல் மறுபடி பார்த்தும் மாற்றவில்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. "எல்லாரும்தானே நைட் பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை" என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 36 வயதில் பிரஷர் வந்திருக்கிறது. சுகர், தைராய்டு பார்த்தீர்களா? குறட்டை உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள், உண்டு என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாலும் பிரஷர் ஏறும். வேலை மாறினால் சரியாகிவிடும் என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது, வேலையே வெறுத்துப் போவது. பர்ன்அவுட் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கம் கொடுத்தது, நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்து வருகிற நிலை என்றுதான் சொன்னது. சக்தியெல்லாம் வற்றிப் போவது, வேலையோடு ஒட்டாமல் விலகி நிற்பது அல்லது எல்லாவற்றையும் கசப்போடு பார்ப்பது, திறமையாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதில் வருகின்றன. உங்களுக்கு முதலாவது மட்டும்தானா, மூன்றுமா? முதலாவது மட்டும் என்றால் பகல் ஷிஃப்ட் கிடைத்தாலே பாதி சரியாகும். மூன்றும் என்றால் அதே மாதிரி சப்போர்ட் வேலைக்கு, வேறு கட்டடத்துக்குப் போய் என்ன ஆகப் போகிறது?

மனசு ரொம்பத் தளர்ந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

மாதச்சம்பளம்:
இதற்கெல்லாம் போன் போட்டுப் பேசுவார்களா? நம் அப்பாக்கள் மில்லில் மூன்று ஷிஃப்ட் பார்த்தவர்கள்.

வேப்பங்காற்று:
பார்த்தார்கள் சார். அவர்களில் பல பேரை எங்கள் வார்டில்தான் பார்க்கிறேன்.

கோவைக்காரி:
நான் சென்னையை விட்டு கோவை வந்தவள். டைடல் பார்க் பக்கம் ஒரு நடுத்தர கம்பெனி. சம்பளம் குறைத்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது முன்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். ஆனால் சும்மா இனிக்க இனிக்கச் சொல்ல மாட்டேன்: இங்கே என் வேலை முன்பிருந்த அளவுக்குச் சவாலாக இல்லை, என்னோடு சேர்ந்தவர்கள் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டார்கள், லிங்க்ட்இன் பார்த்தால் ஒரு நிமிடம் வயிறு எரியும். அப்புறம் சரியாகிவிடும்.

ராப்பிசாசு, பகல் வேலை என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புராடக்ட் கம்பெனி என்றாலும் அதன் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. இன்டர்வியூ எடுத்த மேனேஜரை விட்டுவிட்டு, அந்த டீமில் வேலை செய்கிற ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரிடம் "வேலை நேரம் எப்படி" என்று கேட்டால் "நல்லா இருக்கும் சார்" என்பார். "போன வாரம் கடைசி மீட்டிங் எத்தனை மணிக்கு முடிந்தது, ஆன்கால் எத்தனை பேர் சுற்றில் வருகிறது, கடைசியாக ராத்திரி எழுப்பியது எப்போது" என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

பெண்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் ஒரு விஷயம்: குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மாறும் தேதியைக் கணக்குப் போட்டு மாறுங்கள். 26 வாரச் சம்பள விடுப்பு வேண்டுமென்றால் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். என் தோழிக்கு இது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நல்ல வேளை நாள் சரியாக இருந்தது.

புதுசு2025:
அண்ணா அக்காக்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வருடத்துக்குள் விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பாண்ட். டிகிரி ஒரிஜினலையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பாண்ட் எல்லாம் செல்லாது என்று நண்பன் சொல்கிறான், சரியா?

பழைய எச்ஆர்:
தம்பி, நண்பன் சொல்வதை நம்பி ஓடாதே. விட்டபின் வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதினால் அது ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் குறைந்தபட்ச காலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் என்பது வேறு. ஒரு அரசு வங்கி மூன்று வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் பாண்ட் வைத்திருந்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. உன் கம்பெனி பயிற்சிக்கு உண்மையிலேயே எவ்வளவு செலவு செய்தது என்பதை வைத்து வாதாட இடம் உண்டு, ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டு. ஒரிஜினல் சான்றிதழ் கதை தனி. முதலில் அதைத் திருப்பிக் கேட்டு ஒரு மெயில் போடு, வாயால் கேட்காதே.

சோழிங்கநல்லூர் சிக்னல்:
ராப்பிசாசுவுக்கு இன்னொன்று. பேப்பர் போட்ட அன்று சாயங்காலமே டெலிவரி மேனேஜர் காபிக்குக் கூப்பிடுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நீ இல்லாமல் அக்கவுன்ட் நடக்காது, அடுத்த அப்ரைசலில் பார்க்கிறேன், பகல் புராஜெக்ட் ஒன்று வருகிறது" என்பார். பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கையில் அவ்வளவு அதிகாரம் இல்லை. என் டீமில் ஒருவர் அதை நம்பித் தங்கினார். புது ஆஃபரையும் மறுத்துவிட்டார். பகல் புராஜெக்ட் வந்தது, அதில் வேறு ஆளைப் போட்டார்கள், ஏனென்றால் ராத்திரி வேலையை இவர்தான் நன்றாகப் பார்க்கிறாராம்.

உள்ளேயே மாற வாய்ப்பு இருக்கிறதா என்று பேப்பர் போடும் முன்பே கேட்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம். மாற்றல் ஆர்டர் சிஸ்டத்தில் தேதியோடு வந்தால் நம்புங்கள்.

ராப்பிசாசு:
அப்டேட். எல்லாரும் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

டீமில் இருக்கும் ஒருவரிடம் பேச வைத்தார்கள். கோவைக்காரி சொன்ன கேள்விகளை அப்படியே கேட்டேன், மனிதர் சிரித்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ஒன்பதரை வரை மீட்டிங் கால் இருக்கும், ஆன்கால் ஆறு பேர் சுற்றில் வருகிறது, ராத்திரி அலாரம் எப்போதாவதுதான் என்றார். எனக்கு இதுவே சொர்க்கம். இன்சூரன்ஸ், பெற்றோருக்கு உண்டு, பிரீமியம் என் சம்பளத்தில் பிடிப்பார்கள், சேரும் நாளிலிருந்தே செல்லும் என்று மெயிலில் எழுதி வாங்கிவிட்டேன். சேரும் தேதியைத் தள்ளச் சொன்னதற்கு முதலில் முரண்டு பிடித்தார்கள், பிறகு 60 நாள் கொடுத்தார்கள். மீதி 30 நாளுக்குத்தான் பைஅவுட், அதை நான் கட்டி ரசீது கொடுக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு எங்கள் எச்ஆரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, கேட்ட மெயில் இருக்கிறது.

தைராய்டு, சுகர் நார்மல். குறட்டை உண்டு என்று மனைவி அடித்துச் சொல்கிறாள், டாக்டர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வேப்பங்காற்று கேட்ட கேள்விக்கு என் பதில்: வேலை வெறுக்கவில்லை. ஒரு பிரச்சினையைத் தோண்டிக் கண்டுபிடிக்கும்போது இன்னும் எனக்கு உற்சாகம் வருகிறது, ஆனால் அது ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டாம்.

நேற்று பேப்பர் போட்டுவிட்டேன். சிக்னல் சொன்ன காபி சாயங்காலம் வரை கூடக் காத்திருக்கவில்லை, அரை மணி நேரத்தில் வந்தது.

ஒரே ஒரு சந்தேகம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சேரும் நாள் திங்கட்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு அப்பாவுக்கு எந்த இன்சூரன்ஸ்?

மாதச்சம்பளம்:
போய்ச் சேருங்கள், நல்லது நடக்கட்டும். ஆறு மாத ஈஎம்ஐயைத் தனியாக எடுத்து வைக்காமல் அந்த ஜாயினிங் போனஸைத் தொடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பழைய எச்ஆர்:
நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. கடைசி நாளை ஞாயிற்றுக்கிழமையாகப் போடச் சொல்லி இப்போதே மேனேஜருக்கும் எச்ஆருக்கும் மெயில் அனுப்புங்கள். நோட்டீஸ் நாளைக் காலண்டர் நாளாகத்தான் எண்ணுகிறார்கள் என்பதால் பெரும்பாலும் மறுப்பு இருக்காது, பைஅவுட்டிலும் இரண்டு நாள் குறையும். லேப்டாப்பை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடலாம். ரிலீவிங் லெட்டரில் ஞாயிறு தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போன ஏப்ரலிலிருந்து கடைசி நாள் வரை இங்கே வாங்கிய சம்பளம், பிடித்த வரி கணக்கையும் கையோடு வாங்கி, மார்ச்சுக்குள் சேர்ந்தால் புது இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக 75,000 ரூபாய் நிலைக்கழிவு (வரிக்கு முன் சம்பளத்தில் கழிக்கும் தொகை) போட்டுக் குறைவாகப் பிடிப்பார்கள், ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மிச்சத்தை வட்டியோடு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

குட்டிச்சுவர்:
ட்ரீட் எங்கே தலைவா? நாவலூர் பக்கம் என்றால் நான் வருகிறேன். பகலில்.